எழுதத் தெரிந்தால்தான் பட்டமா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதும் பாடக் கட்டுரை)



பேசத் தெரிந்தவர் பலர். எழுதத் தெரிந்தவர் சிலர். பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தோ நம் கையை விட்டுப் போன பின்னும் நமக்காகப் பேசிக்கொண்டிருக்கும். ஆதலால்தான் கல்வி நிலையங்கள் யாவும், "உனக்குப் பிழையின்றி, பிறருக்குப் புரியும்படி எழுத வருமா?" என்று மாணவரைக் கேட்கின்றன. பத்தாம் வகுப்பில் கேட்கின்றன, கல்லூரியில் கேட்கின்றன, அரசு வேலைக்குப் போனாலும் கேட்கின்றன. "வராது" என்றால் கதவு மூடிக்கொள்கிறது.

இப்படிக் கேட்பது நியாயமா? எழுத்துத் தேர்வில் தேறாத ஒருவருக்குப் பட்டம் தர மறுக்கலாமா? இந்தக் கேள்வி இவ்வாண்டு எங்கள் வகுப்பில் எழுந்தது. அது எழக் காரணம் புத்தகம் அன்று, ஒரு பாட்டி.

ஒரு மனுவின் கதை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். அவளுடைய பாட்டி பல ஆண்டுகள் தலைச்சுமையாக மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. பாட்டி பேத்தியைக் கூப்பிட்டார்.

"மக்களே, நீ பத்தாங்கிளாஸ்ல படிக்கியல்லா? எனக்க பணம் மூணு மாசமா வரல்ல. கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தா."

தோழிக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதப் பகுதியில் 5-க்கு 5 வாங்குகிறவள் அவள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக எழுதினாள். "முதியோர் ஆலமரம் போன்றவர்கள். அவர்கள் நிழலில்தான் சமுதாயம் இளைப்பாறுகிறது" என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் பாட்டி அதை எடுத்துச் சென்றார். அங்கே மனுவைப் படித்துப் பார்த்த ஒருவர், "பாட்டி, உங்க ஆணை எண் எங்கே? எந்த மாசத்துல இருந்து பணம் வரலைன்னு எழுதலியே?" என்று கேட்டார்.

பாட்டி மாலையில் வீடு திரும்பியதும் பேத்தியிடம் சொன்னாராம்: "நீ எழுதினது வாசிக்க நல்லாத்தான் இருக்குன்னு அவரு சொன்னாரு மக்களே. எனக்க காரியம் மட்டும் அதுல இல்லையாம்."

மறுநாள் தோழி இதைச் சொன்னபோது முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், அந்த மனுவை எங்களில் யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

பட்டத்திற்கு முன் நிற்கும் வாசல்

நாங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எழுதப்போகும் அரசுப் பொதுத் தேர்வை ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 9 இலட்சம் பேர் எழுதுகிறார்கள். முன்பு தமிழுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புக்கு ஒரே தாளாயிற்று. மொத்தம் 100 மதிப்பெண், தேறுவதற்கு 35. அதில் கடிதம் உண்டு, படிவம் நிரப்புதல் உண்டு, படத்தைக் கண்டு எழுதுவது உண்டு, பொதுக்கட்டுரை உண்டு. எந்த ஒரு பாடத்தில் தவறினாலும் முழுத் தேர்ச்சி இல்லை. கணக்கில் 100-க்கு 100 எடுத்தவளும் தமிழில் 34 எடுத்தால் தேறாதவள்தான்.

கல்லூரியிலும் இதே முறைதான். திருநெல்வேலியில் 1990-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு நம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் இணைந்துள்ளன. அங்கே இளங்கலைப் படிப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடம். இயற்பியல் படிக்க வந்தவரும், வரலாறு படிக்க வந்தவரும் முதல் இரு பகுதிகளிலும் தேறியாக வேண்டும். இல்லையேல் பட்டம் இல்லை.

இதன் கடுமையை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, அறிவியல் பட்டப் படிப்பில் சேர்ந்தவர். பகுதி மூன்றில் எல்லாத் தாள்களிலும் நல்ல மதிப்பெண். ஆங்கிலத் தாள் ஒன்று மட்டும் அரியர். அவரோடு படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு பி.எட். சேர்ந்துவிட்டார்கள். அக்கா ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்த ஒரு தாளுக்குப் பணம் கட்டி எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறைதான் தேறினார்.

"எது கஷ்டமாக இருந்தது அக்கா?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் எங்கள் மனத்தைத் தொட்டது. "தோற்றது கூடக் கஷ்டமில்ல பிள்ளைகளே. எங்கே தப்பு பண்ணினேன்னு ஒரு தடவை கூட யாரும் சொல்லல்ல. 31-ன்னு வரும், 36-ன்னு வரும். அதைப் பார்த்து நான் என்னத்தத் திருத்த?"

ஆம்! தேர்வு மதிப்பெண்ணைச் சொல்கிறது, பிழையைச் சொல்வதில்லை. விடைத்தாள் வகுப்புக்குத் திரும்பி வருவதும் இல்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கணித மேதைக்கு மூடிய கதவு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மெட்ரிகுலேஷன் தேறியபின் எப்.ஏ. என்னும் இரண்டாண்டுப் படிப்பு இருந்தது. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. வகுப்பில் காலடி வைக்கலாம்.

1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் ஓர் ஏழை மாணவர் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு இணை அவரே. ஆனால் ஆங்கிலக் கட்டுரை எழுதும் தாளில் தவறிவிட்டார். உதவித்தொகை பறிபோனது. கட்டணம் செலுத்த வீட்டில் வசதியில்லை. மனம் உடைந்து வீட்டை விட்டே போய்விட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இலும் 1907-இலும் எப்.ஏ. தேர்வு எழுதினார். இரு முறையும் தோல்வி. அத்துடன் அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது. அவர் வேறு யாருமல்லர். 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன்தான்!

1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் ஓர் எழுத்தராக இருந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை மறைக்காமல் சொல்லி, தாம் கண்டறிந்த கணித முடிவுகளை அதனோடு இணைத்தார். அந்தக் கடிதம் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் அவர் தேறவில்லையோ, அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையும் அவரைத் தேடி வந்தன. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதிலேயே மறைந்தார்.

இக்கதையைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் பலர், "பார்த்தீர்களா! எழுத்துத் தேர்வு ஒரு மேதையின் வாழ்வையே கெடுக்கப் பார்த்தது. இப்படிப்பட்ட தேர்வே வேண்டாம்" என்றார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அது எளிதில் அச்சேறவில்லை. அவர் எழுதியது மிகவும் சுருக்கமாக, படிப்பவர் தொடர முடியாதபடி இருந்தது. இதழாசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் தூக்கி எறியவில்லை. "இந்த இடம் புரியவில்லை, விளக்குங்கள்" என்று திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தச் செய்தார். திருந்திய பிறகே உலகம் அதைப் படித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேதைக்கும் தெளிவாக எழுதும் திறமை தேவைப்பட்டது. ஆனால் "நீ தவறிவிட்டாய்" என்று மட்டும் சொன்ன தேர்வு அவரைத் தெருவில் விட்டது. "இந்த இடத்தைத் திருத்து" என்று சொன்ன ஆசிரியரோ அவரை உயர்த்தினார்.

கடல் கடந்த நாட்டில்

ஆங்கிலமே பெரும்பாலோர்க்குத் தாய்மொழியாக உள்ள அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பட்டம் பெற்று வந்தவர்களுக்கே ஒழுங்காக எழுத வரவில்லை என்ற குறை 1970-களில் அங்கே பரவலாகப் பேசப்பட்டது. பல வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 1976-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. எந்தப் பாடம் படித்தாலும், பட்டம் பெறுமுன் எழுதும் திறமையை மெய்ப்பித்தாக வேண்டும் என்பதே அவ்விதி. பல வளாகங்களில் இதற்கெனத் தனித் தேர்வு நடந்தது. கொடுத்த தலைப்பில், கொடுத்த நேரத்திற்குள் கட்டுரை எழுத வேண்டும். வேறு சில இடங்களில் எழுத்துக்கென்று உள்ள பாட வகுப்பில் படித்துத் தேறுவதும் ஒரு வழியாக இருந்தது.

பொறியியலும் கணக்கும் நன்றாகப் படித்து, இந்த ஒரு கட்டுரைக்காகப் பட்டம் தாமதமானவர்கள் அங்கேயும் உண்டு. வீட்டில் வேறு மொழி பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது மிகவும் கடினமாக இருந்தது. 2020-இல் கொரோனா நோய் பரவிய காலத்தில் மாணவரை ஓரிடத்தில் கூட்டித் தேர்வு நடத்த முடியவில்லை. அதன்பின் பல வளாகங்கள் தேர்வை விட்டுவிட்டு, ஆசிரியர் திருத்தித் தர மாணவர் மீண்டும் எழுதும் பாட வகுப்பையே வழியாகக் கொண்டன. எழுதத் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் கைவிடவில்லை. அதைக் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டார்கள்.

வேலைக்கும் எழுத்து வேண்டும்

"கல்லூரியோடு இது முடிந்துவிடும்" என்று நினைப்பவர்கள் அரசுப் பணித் தேர்வுகளைப் பார்க்க வேண்டும். இந்திய ஆட்சிப் பணி முதலியவற்றிற்கான முதன்மைத் தேர்வில் இந்திய மொழி ஒன்றிலும் ஆங்கிலத்திலும் தலா 300 மதிப்பெண்ணுக்குத் தகுதித் தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 25 விழுக்காடு எடுத்தாக வேண்டும். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆயினும் எடுக்காவிட்டால் மற்றத் தாள்களில் எழுதியது வீண்.

தமிழ்நாடு அரசும் 2021 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அரசுப் பணித் தேர்வு எழுதுவோர் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெற வேண்டும். தொகுதி ஒன்று முதன்மைத் தேர்வில் இத்தகுதித் தாள் விரித்து எழுதும் தாளாக உள்ளது. மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம் வரைதல் போன்றவை அதில் கேட்கப்படும். அத்தாளின் தரம் என்ன தெரியுமா? பத்தாம் வகுப்புத் தரம்! துணை ஆட்சியராக வர விரும்புகிறவரை, இன்று எங்கள் மேசைமேல் இருக்கும் பாடத்தின் தரத்தில்தான் சோதிக்கிறார்கள். மக்கள் கொண்டுவரும் மனுவைப் புரிந்துகொண்டு, அவர்களுக்குப் புரியும் தமிழில் பதில் எழுதத் தெரியாதவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால் எங்கள் தோழியின் பாட்டி என்ன செய்வார்? ஆதலால் அங்கே இப்படிக் கேட்பது நியாயமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எல்லையில் வாழும் நமக்கு

நம் மாவட்டத்திற்கு இதில் தனியான ஓர் அனுபவம் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை நாம் திருவிதாங்கூரோடும், பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தோம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்க நேர்ந்த காலம் அது. 1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் தொடக்கத்தில் மலையாளமே படித்தார். அவருக்குத் தமிழைக் கற்றுக் கொடுத்தவர் சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவி. அருகில் அமர்த்திச் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியரால் நாஞ்சில் நாட்டுக்கு ஒரு கவிமணி கிடைத்தார். அவரும் பிற்காலத்தில் ஆசிரியராகவே பணியாற்றினார்.

இன்று நிலைமை மறுபுறமாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாகி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. வீட்டில் மலையாளமோ தெலுங்கோ உருதோ பேசுகிற பிள்ளைகளில் பலர், தமிழ் முறையாகக் கற்பிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் சென்று சில ஆண்டுகள் விலக்குப் பெற்றார்கள். அவர்கள் தமிழை வெறுத்தவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. விளவங்கோடு பக்கத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கும் மலையாளம் பேசும் தோழி எங்களைவிட அழகாகத் தமிழ்க் கையெழுத்து எழுதுகிறாள். சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்ததால் அவளுக்கு வந்தது. கற்பிக்காமல் கேட்டால் எந்த மொழியும் சுமைதான். கற்பித்துக் கேட்டால் எந்த மொழியும் செல்வந்தான்.

எங்கள் வகுப்பில் நடந்த சோதனை

மனுவின் கதையைக் கேட்ட எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து, கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதினார்: "நேற்று மாலை நான் வீடு போய்ச் சேர்ந்தேன்." 15 நிமிடம் தந்தார்.

நாங்கள் 42 பேர். புத்தகத்தில் இல்லாத தலைப்பு. மனப்பாடம் செய்யாத தலைப்பு. சிலர் பேனாவைக் கடித்தோம். பலர், "மனித வாழ்வில் போக்குவரத்து இன்றியமையாத இடத்தைப் பெறுகிறது" என்று தொடங்கினோம். நாள்தோறும் செய்கிற காரியத்தைப் பற்றி நாலு வரி எழுத எங்களுக்கு வரவில்லை.

பொதுக்கட்டுரையில் எப்போதும் 8-க்கு 3 வாங்குகிற ஒருத்தி மட்டும் அண்ணா பேருந்து நிலையத்தில் பேருந்துக்குக் காத்து நின்றதையும், கூட்டத்தில் செருப்பு அறுந்ததையும், ஊரில் இறங்கியபோது அம்மா மழையில் மீன் கூடையோடு ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றதையும், இருவரும் ஒரே குடையில் வீடு போனதையும் எழுதியிருந்தாள். இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. சிஸ்டர் அதை உரக்கப் படித்தபோது வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும். "பிழையை நான் திருத்தித் தருவேன், பார்த்ததை எழுதும் மனத்தை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்" என்றார் சிஸ்டர்.

அன்று முதல் ஒரு திட்டம் வகுத்தோம். வாரம் ஒரு பக்கம் எழுதுவது; சிஸ்டர் பிழைக்கு அடியில் கோடு மட்டும் இடுவார்; என்ன பிழை என்று நாங்களே கண்டுபிடித்து, அதே பக்கத்தைத் திரும்ப எழுதுவது. முதலில் அலுப்பாக இருந்தது. "எழுதியதையே ஏன் எழுத வேண்டும்?" என்று முணுமுணுத்தோம். மூன்று மாதம் கழித்து எங்கள் பழைய பக்கங்களைப் புரட்டியபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

நாங்கள் கற்றுக்கொண்ட ஐந்து பாடங்கள்

1. யாருக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் நினைக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன தெரியாது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. நமக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படிச் சொல்ல வராவிட்டால் இன்னும் எழுதத் தொடங்கக் கூடாது.

3. பெயர், எண், நாள், தொகை ஆகியவற்றை விடாமல் எழுத வேண்டும். ஆலமரம் இல்லாமலும் மனு நிற்கும். ஆணை எண் இல்லாமல் நிற்காது.

4. எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் நெற்றியைச் சுருக்கும் இடத்தில் பிழை இருக்கிறது.

5. திருத்திய பின் மறுபடி எழுத வேண்டும். பிழையைப் பார்த்தால் மட்டும் கை பழகாது.

தேர்வு வேண்டுமா, வேண்டாமா?

இனி எடுத்த கேள்விக்கு வருவோம். தேர்வே வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? எழுதக் கற்பதை எல்லாரும் கைவிட்டுவிடுவோம். வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு மனு எழுத வேறு ஆள் கிடைப்பார். மீன் விற்கும் பாட்டிக்கும் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் பேத்தியை விட்டால் ஆள் இல்லை. எனவே எழுதத் தெரிந்துதான் ஆக வேண்டும் என்று பள்ளியும் பல்கலைக்கழகமும் வற்புறுத்துவது ஏழைகளுக்குச் செய்யும் நன்மையே.

ஆனால் தேர்வு மட்டும் போதும் என்பதும் சரியன்று. மூன்று மணி நேரத்தில் மனப்பாடத்தைக் கொட்டித் தேறிவிடலாம் என்பதற்கு நாங்களே சாட்சி. 5-க்கு 5 வாங்கியவளின் மனு திரும்பி வந்தது. கற்றுத் தராமலும், பிழையைக் காட்டாமலும் வாசலில் நின்று, "நீ உள்ளே வராதே" என்று மட்டும் சொல்லும் தேர்வு, இராமானுஜனையும் தெரு அக்காவையும் போலத் தகுதியுள்ளவர்களை வெளியே நிறுத்திவிடும். ஒருவரிடம் எதைக் கேட்கிறோமோ அதை முன்பே அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையால் நாங்கள் சொல்ல வந்த ஒரே கருத்து.

ஆசிரியப் பெருமக்களே! எங்கள் தாள்களில் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், பிழையின் அடியில் ஒரு கோடும் இடுங்கள். பெற்றோரே! பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று கேட்பதோடு, "என்ன எழுதினாய், படித்துக் காட்டு" என்றும் கேளுங்கள். தோழியரே! நாளை கல்லூரிக்குப் போகும்போது பகுதி ஒன்றையும் பகுதி இரண்டையும் வேண்டாத சுமையாக எண்ணாதீர்கள்.

பாட்டியின் மனு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. தோழி அதைத் திரும்ப எழுதினாள். இம்முறை வகுப்பே சேர்ந்து திருத்தினோம். அது இவ்வளவுதான்:

"ஐயா, எனக்கு மாதம் 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. என் ஆணை எண் மேலே குறிப்பிடப்பட்டுள்ளது. ஜூன் மாதம் முதல் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டபோது, ஆதார் அட்டையிலும் ஆணையிலும் என் பெயர் வேறுவேறாக இருப்பதாகச் சொன்னார்கள். பெயரைச் சரிசெய்து, நின்றுபோன தொகையையும் வழங்குமாறு வேண்டுகிறேன். இரண்டின் நகலையும் இணைத்துள்ளேன்."

ஆறே வரிகள்! ஒப்புகைச் சீட்டு உடனே கிடைத்தது. இக்கட்டுரையை எழுதி முடிக்கும் வரை பணம் வரவில்லை. ஆனால் பெயரைச் சரிபார்க்க வீட்டிற்கு ஆள் வந்து போயிருக்கிறார். பாட்டி அந்த மனுவின் நகலைச் செபப் புத்தகத்திற்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆயினும் யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, "எனக்க காரியம் இப்போ இதுல இருக்கு" என்கிறாராம்.

பொதுத் தேர்வில் எங்களுக்கு எத்தனை மதிப்பெண் வருமோ, இறைவனே அறிவார். ஆனால் இந்தத் தேர்வில் நாங்கள் தேறிவிட்டோம் என்று எண்ணுகிறோம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!